திரும்பி வரும் விடைத்தாள்

மூன்று ஆண்டு இளங்கலைப் படிப்பை முடித்து வெளியேறும் ஒரு மாணவி, தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், துணைப்பாடம், விருப்பப் பாடம் என்று ஆறு பருவங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 40 தாள்களைப் பல்கலைக்கழகத் தேர்வில் எழுதுகிறாள். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று மணி நேரம். விரல் வலிக்க வலிக்க எழுதி, கூடுதல் தாள் வாங்கி நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவற்றுள் ஒன்றுகூட அவள் கைக்குத் திரும்பி வருவதில்லை. மதிப்பெண் மட்டும் வருகிறது. 75-க்கு 41 என்ற எண்ணைப் பார்த்து, எந்த விடை நன்றாக அமைந்தது, எங்கே வாதம் தடம் மாறியது, எந்தப் பத்தியை வேறு விதமாகத் தொடங்கியிருக்கலாம் என்று எதையும் அவள் தெரிந்துகொள்ள முடியாது. காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் உயர்கல்வியின் பெரிய குறை எது என்று கேட்டால், கட்டடத்தையும் கணினியையும் சொல்வதற்கு முன்பு இதைத்தான் சொல்வேன்: தான் எழுதிய வாக்கியங்களை இன்னொருவர் பொறுமையாகப் படித்து, கருத்துச் சொல்லித் திருப்பித் தந்தார் என்ற அனுபவம் ஒருமுறைகூட வாய்க்காமலேயே ஒரு பிள்ளை இங்கே பட்டதாரி ஆகிவிட முடிகிறது.

பருவத் தேர்வுகள் முடிந்ததும் மதிப்பீட்டு முகாம் தொடங்கும். எங்கள் பேச்சில் அது எப்போதும் 'வேல்யூவேஷன்'தான். பல ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்போம். முகப்பில் இருந்த பதிவெண் கிழித்தெடுக்கப்பட்டு டம்மி எண் இடப்பட்ட விடைத்தாள்கள் காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று மேசைக்கு வரும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 'அல்லது' கொடுத்துக் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஐந்தில் மூன்றை எழுத வேண்டிய பத்து மதிப்பெண் வினாக்கள் என எங்கள் பகுதித் தாள் 75 மதிப்பெண்ணுக்கு அமைந்திருக்கும். விடைக்குறிப்பை ஒட்டி மதிப்பெண் இட்டு, கூட்டிச் சரிபார்த்து, கட்டை ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு திருத்துகிறார்கள் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. நான் அருகிருந்து பார்த்தது அப்படி அன்று. 28, 29 என்று தேர்ச்சிக்கு ஓரிரு மதிப்பெண் குறைந்து நிற்கும் தாளை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் புரட்டிப் பார்க்காத ஆசிரியரை நான் கண்டதில்லை. 'இந்த வரிக்கு அரை மார்க் போடலாமா பாருங்க' என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பவர்களே அதிகம்.

ஆயினும் அந்தக் கூடத்தில் நாங்கள் படிப்பது மாணவர்களைத்தானா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஒரு கட்டைப் பிரித்தால் முதல் தாளில் கண்ட பத்தியே நான்காம் தாளிலும் ஏழாம் தாளிலும் சொல் மாறாமல் வரும். தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி ஆட்சிப் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்த ஆண்டு 1799. ஒரு பருவத்தில் அது 1779 என்று ஒரு கட்டு முழுவதிலும் திரும்பத் திரும்ப வந்தது. ஏதோ ஒரு நோட்ஸில் விழுந்த அச்சுப்பிழை, ஜெராக்ஸ் கடை வழியாக வகுப்பு முழுவதற்கும் பரவி, ஒவ்வொருவர் நினைவிலும் பதிந்து, ஒவ்வொருவர் கையெழுத்திலும் வெளிவந்திருக்கிறது. அவ்வளவு பேரில் ஒருவரும் அந்த ஆண்டைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்க வேண்டிய தேவையை நாங்கள் உண்டாக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

மனப்பாடத்தை இழிவாகப் பேசுபவள் அல்லள் நான். இந்தப் பிள்ளைகளுக்கு அது நேர்மையான உழைப்பு. எங்கள் வகுப்புகளில் இருப்போர் பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக இருந்தது. அந்த 47-க்குள் எங்கள் வகுப்பறைகள் இருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் ஒரு வீட்டில் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதை நான் முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது நேரில் பார்க்கிறேன். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தயங்கும் தாய்க்கு அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பிடிமானம். பையன்கள் பலர் இரவில் கல்யாண மண்டபங்களில் பரிமாறவும், செல்போன் கடைகளில் நிற்கவும், மாலை ஷிஃப்ட் வேலைக்கும் போகிறார்கள். தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கினால் வருகைப் பதிவேட்டில் அது தெரியும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அபராதக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதும், அந்தக் கட்டணத்தைக் கட்ட இன்னும் சில நாட்கள் கூலிக்குப் போக வேண்டியிருக்கும் என்பதும் ஒரே பிள்ளையின் கணக்கில் அடுத்தடுத்த வரிகள்.

இப்படி வரும் ஒருவர், பேருந்திலும் இரவு விளக்கிலும் நோட்ஸை உருப்போட்டு, தேர்வு மண்டபத்தில் பதினைந்து பக்கம் பிழையின்றி எழுதுகிறார் என்றால், அந்த மனத்திட்பத்தை நான் வணங்குகிறேன். என் வருத்தம் வேறு. இத்தனை ஆற்றலும் இன்னொருவருடைய வாக்கியத்தைச் சுமப்பதற்கே செலவாகிவிடுகிறது. தன் வாக்கியத்தை உருவாக்குவதற்கு அதில் ஒரு பங்குகூட ஒதுக்கப்படவில்லை.

இந்த நிலை யாரோ ஒருவருடைய அக்கறையின்மையால் வந்ததன்று. இதற்கு நீண்ட வேர் இருக்கிறது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, அவற்றுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது அன்றைய இலண்டன் பல்கலைக்கழகம். 1836-இல் பட்டயம் பெற்ற அந்த நிறுவனம் அப்போது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் வழங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை, சோதித்தல் பல்கலைக்கழகத்தின் வேலை என்ற பிரிவினை அப்படியே இங்கே நடப்பட்டது. பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிப்பதற்கு 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பிறகுதான் முறையான வழி பிறந்தது. இணைவுக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அந்தப் பழைய பிரிவினை இன்றும் தொடர்கிறது. பாடம் நடத்திய நான் என் மாணவியின் இறுதித் தேர்வுத் தாளைப் பார்க்க மாட்டேன். அதைப் பார்க்கும் ஆசிரியர் அவளை அறிய மாட்டார். பாரபட்சத்தைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவாக, மாணவி எழுதியதற்கும் மாணவிக்கும் இடையே பேச்சு நடக்க இடமே இல்லாமல் போயிற்று.

விடுதலைக்குப் பின் 1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு இதைத் தெளிவாகக் கண்டது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைக்க வேண்டுமானால் அது தேர்வுமுறையில்தான் இருக்க வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ.இலட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவின் உறுப்பினர். அதாவது, நம்முடைய பெரிய பல்கலைக்கழகத்தை நடத்தியவருக்கே இந்தக் குறை தெரிந்திருந்தது. கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966-இல் தந்த அறிக்கை கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கலாம் என்றது. 1978-இல் லயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. பாடம் நடத்துபவரே சோதிக்கும் உரிமை அங்கே வந்தது. எங்களைப் போன்ற இணைவுக் கல்லூரிகளுக்கு அந்த உரிமையின் சிறு துண்டாகக் கிடைத்ததுதான் 25 மதிப்பெண் உள்மதிப்பீடு. இளக்காரமாக 'இன்டர்னல் மார்க்' என்று சொல்லப்படுவது.

அந்த 25-ஐ நான் மிகவும் பெரிதாக எண்ணுகிறேன். ஏனென்றால் மாணவி எழுதி, எழுதியது அவள்தான் என்று தெரிந்தே நான் படித்து, அவள் கையிலேயே திருப்பித் தரக்கூடிய ஒரே தாள் அதுதான்.

பொதுவாக அது எப்படி நடக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். இரண்டு தேர்வு, ஓர் ஒப்படைப்பு, ஒரு கருத்தரங்க உரை, கொஞ்சம் வருகைப் பதிவு. தேர்வுத் தாள்கள் வகுப்பில் விநியோகிக்கப்படும். பிள்ளைகள் கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பார்கள். கையொப்பமிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். தாள்கள் தணிக்கைக்காக அலமாரிக்குப் போகும். திரும்பி வந்த தாளும் இவ்வாறு ஓர் எண்ணாகவே வந்து போகிறது. ஒப்படைப்புகளின் நிலை இன்னும் மோசம். முன்பு கைடிலிருந்து எழுதினார்கள், இப்போது செல்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டு எழுதுகிறார்கள். ஆகவே வகுப்பறையில் அமர்ந்து கையால் எழுதும் தாளை மட்டுமே நான் நம்பினேன்.

சில ஆண்டுகளாக இரண்டாம் ஆண்டு தமிழக வரலாற்று வகுப்பில் முதல் உள்தேர்வை வேறு விதமாக வைத்து வருகிறேன். பத்து மதிப்பெண் வினாவை ஒன்றாகக் குறைத்துவிட்டு, அந்த ஒரு விடையை மட்டும் முழுவதும் படித்து, ஓரத்தில் இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதித் திருப்பித் தருவேன். 'இந்தச் செய்தி உனக்கு எங்கிருந்து கிடைத்தது?', 'இதற்கும் அடுத்த பத்திக்கும் என்ன தொடர்பு?', 'இங்கே நீயே யோசித்து எழுதியிருக்கிறாய், இதை விரிவாக்கு' என்ற அளவில்தான் அவை இருக்கும். ஒரு வாரம் கழித்து அதே விடையைத் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக எழுதிய தாளுக்கே மதிப்பெண். எளிய ஏற்பாடுதான். ஆனால் முதன்முறை ஓரக் குறிப்புகளோடு தாள் கைக்குப் போனபோது, வகுப்பில் யாரும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது இரயத்துவாரி முறையைப் பற்றிய வினா. இது எல்லா ஆண்டும் கேட்கப்படுவது. விடையும் எல்லோருக்கும் மனப்பாடம்: 1792-இல் கம்பெனி வசம் வந்த பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) அலெக்சாண்டர் ரீட் தொடங்கினார், அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோ அதை வளர்த்தார், 1820 முதல் 1827 வரை மன்றோ சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது, இடைத்தரகர் இல்லாமல் அரசு உழவரிடம் நேரடியாக வரி வாங்கியது, நன்மைகள் நான்கு, தீமைகள் ஐந்து. இந்தப் பத்தியை எழுதும் பிள்ளையின் வீட்டுப் பரணில் அதே முறையின் வழிவந்த காகிதங்கள் கிடக்கின்றன. பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்தி ரசீது என்று அவள் பிறந்தது முதல் கேட்டுவரும் பேச்சுக்கும் மன்றோவுக்கும் உள்ள உறவை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. எனவே வினாவை மாற்றினேன்: 'உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள ஒரு நில ஆவணத்தைப் பார்த்து, அதில் உள்ள செய்திகளை எழுதி, வகுப்பில் படித்த நிலவரி முறையோடு அதற்கு உள்ள தொடர்பை விளக்குக.' வினாவை ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்தேன். ஆவணத்தைப் பார்த்து வரலாம், குறிப்பெடுத்து வரலாம், எழுதுவது மட்டும் வகுப்பில்.

ஒரு மாணவன் தன் பாட்டி தகரப் பெட்டியில் வைத்திருந்த கிஸ்தி ரசீதுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவற்றில் பசலி 1386, பசலி 1387 என்று எழுதியிருந்தது அவனுக்குப் புரியவில்லை. ஜூலையில் தொடங்கும் அந்த வருவாய் ஆண்டைப் பற்றியும், நம் பகுதியில் பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்பதையும் வகுப்புக்கே சொல்ல வேண்டியதாயிற்று. 1387-ஐக் கூட்டிப் பார்த்தான், 1977 வந்தது. அந்த ஒரு பசலிக்கு மட்டும் கட்டிய தொகை குறைவாக இருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டான். 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்த புயலைப் பற்றி அவர் இரவு முழுவதும் பேசியிருக்கிறார். இரண்டாவதாக எழுதிய தாளில் அவன் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தான்: 'விளைச்சல் அழிந்தால் வரியைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அரசுதான் முடிவு செய்கிறது என்பதால், நேரடி உறவு என்பது உழவருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கலாம், ஆபத்தாகவும் இருக்கலாம்.' நன்மைகள் நான்கு, தீமைகள் ஐந்து என்ற பட்டியலை விட்டு வெளியே வந்து, ஒரே செய்தியின் இரு பக்கங்களையும் ஒரு வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறான். மதிப்பீட்டு முகாமில் நான் திருத்திய எத்தனையோ கட்டுகளில் அத்தகைய வாக்கியத்தைக் கண்டதில்லை.

அதே வகுப்பில் ஒரு மாணவி, எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். "மேம், எங்க வீட்ல நிலமே இல்ல. நான் எதப் பாத்து எழுதறது?" என்றாள். "வீடு எந்த எடத்துல இருக்குன்னு உங்க ஆத்தாகிட்ட கேட்டுட்டு வாம்மா" என்றேன். அவள் கொண்டுவந்த செய்தி வகுப்பில் மற்ற எவருடையதைவிடவும் கனமானது. அவளுடைய பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். கூலியை நெல்லாக மரக்காலில் அளந்து வாங்கிய குடும்பம். அவர்கள் குடியிருந்த மனை நிலக்காரருக்குச் சொந்தமாக இருந்ததால், வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற நிலையில் வாழ்ந்தவர்கள். 1971-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய குடியிருப்பு அனுபோகதாரர் சட்டத்தின் கீழ் அந்த மனை அவர்களுக்கே உரிமையாயிற்று. அந்த மனைப்பட்டாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்கு அருகே மாட்டியிருக்கிறார்களாம். முதல் தாளில் இதை அவள் மூன்று வரியில் எழுதி, மீதியை நோட்ஸிலிருந்து நிரப்பியிருந்தாள். 'இந்த மூன்று வரிதான் விடை. மற்றதைக் குறைத்துவிட்டு இதை எழுது' என்று ஓரத்தில் குறித்தேன். அடுத்த வாரம் ஆறு பக்கம் வந்தது. இரயத்துவாரி முறையில் அரசு நேரடியாகப் பேசியது பட்டாதாரரோடுதான், வயலில் இறங்கி உழுதவரோடு அன்று என்றும், தஞ்சைப் பகுதியில் அந்த இடைவெளியைத் தொட்ட முதல் பெரிய சட்டம் 1952-ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்றும், தன் வீட்டுச் சுவரில் உள்ள காகிதம் அதன் தொடர்ச்சி என்றும் அவள் வாதிட்டிருந்தாள். இலக்கணப் பிழைகள் இருந்தன. 'இதனால்', 'ஆகையால்' எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ஆனால் அது ஒரு வரலாற்று மாணவியின் எழுத்து. அதைப் படித்த இரவில் நான் இந்த வேலையில் இருப்பதற்காக மிகவும் மகிழ்ந்தேன்.

எல்லாத் தாள்களும் இப்படி வந்தன என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாவது தாளிலும் முதல் தாளையே அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்தார்கள். சிலர் ஓரக் குறிப்பைக் கண்டனமாக எடுத்துக்கொண்டு, குறிப்பு விழுந்த வாக்கியத்தையே நீக்கிவிட்டார்கள். திருத்தம் என்றால் தண்டனை என்று பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் பழக்கம் கற்றுக்கொடுத்திருக்கும்போது, ஒரு பருவத்தில் அது மாறிவிடாது. ஆனாலும் அவர்களுக்கும் ஒன்று நடந்தது. 'இந்த வரியை ஏன் எடுத்துவிட்டாய்?' என்று நான் கேட்டபோது, தன் வரியைப் பற்றி ஒருவர் கேட்கிறார் என்ற வியப்பு அந்த முகங்களில் தெரிந்தது.

இதை எல்லாத் தாள்களிலும் செய்ய முடியாதா என்று கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். வகுப்புக்கு 60 பேர் என்று மூன்று வகுப்பு என்றால் 180 தாள்கள். ஒரு தாளை ஐந்து நிமிடம் படித்து இரண்டு வாக்கியம் எழுதினாலும் 15 மணி நேரம். இரண்டாவது தாளுக்கு இன்னொரு 15 மணி நேரம். பாடத் தயாரிப்பு, கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழுவுக்கான கோப்புகள், உதவித்தொகை விண்ணப்பங்களில் கையொப்பம், நான் முதல்வன் பயிற்சி ஒருங்கிணைப்பு, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இவற்றுக்கிடையே அந்த 30 மணி நேரத்தை வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பதவி உயர்வுக்கான படிவத்தில் கட்டுரை வெளியிட்டதற்கு இடம் உண்டு, கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கு இடம் உண்டு, மாணவர் எழுதியதைப் படித்ததற்கு இடமில்லை. எதை மதிக்கிறோம் என்பதை ஒரு நிறுவனம் படிவத்தின் கட்டங்களில்தான் சொல்கிறது.

நிரந்தரப் பணியில் இருக்கும் எனக்கே இந்த நிலை என்றால், எங்கள் துறையின் பாரத்தைப் பெருமளவு சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களின் நிலையைச் சொல்லாமல் இருப்பது நியாயமன்று. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்ச அளவாக 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019-இல் வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அண்மை ஆண்டுகளில் அவர்கள் பெற்றுவந்தது 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு. முனைவர் பட்டமும், கல்லூரி ஆசிரியருக்கான நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்று, என்னைவிட மூத்தவராகவும் என்னைவிட ஆழமாகக் கல்வெட்டுப் படித்தவராகவும் இருக்கும் ஒருவர், மே மாதச் செலவுக்கு வேறு வேலை தேடுகிறார். ஓரக் குறிப்பு எழுதும் இந்த முறையைப் பற்றித் துறைக் கூட்டத்தில் பேசியபோது அவர் சொன்னது இது: "மேடம், எனக்கும் ஆசைதான். காலேஜ் முடிஞ்சு சாயங்காலம் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர்ல கிளாஸ் எடுக்கறேன். தாளை எப்பப் படிக்கறது?" அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவருக்கு உரிய ஊதியமும் நிலையான பணியும் கிடைப்பது அவருடைய நலன் மட்டுமன்று. அவர் வகுப்பில் இருக்கும் 60 பேரின் தாள்கள் படிக்கப்படுமா என்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது. உயர்கல்வித் தரத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த இரண்டையும் பிரித்துப் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பல்கலைக்கழகத் தேர்வுத் தாளைக்கூட மாணவர் பார்க்க வழி இல்லாமல் இல்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு தகவல் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்களும் கட்டணம் பெற்றுக்கொண்டு நகல் தருகின்றன. ஆனால் யார் வாங்குகிறார்கள்? அரியர் விழுந்தவர்கள், ஓரிரு மதிப்பெண்ணில் தவறியவர்கள், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று பார்ப்பவர்கள். 41 வாங்கித் தேர்ச்சி பெற்ற பெண் பணம் கட்டி நகல் வாங்க மாட்டாள். விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தும் முறைக்குப் பல இடங்கள் மாறி வருகின்றன. அப்படி மாறும் இடங்களில், மதிப்பெண் பட்டியலோடு ஸ்கேன் செய்த தாளையும் கட்டணமில்லாமல் ஒவ்வொரு மாணவருக்கும் திறந்துவிடலாம். முதல் பருவத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, ஆசிரியரோடு அமர்ந்து, அரை மணி நேரம் பேசும் ஏற்பாட்டை இரண்டாம் பருவக் கால அட்டவணையிலேயே சேர்க்கலாம். மென்டர் என்ற பெயரில் ஏற்கெனவே ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சந்திப்புகளில் பேசுவதற்கு இதைவிட நல்ல பொருள் வேறு என்ன இருக்கிறது?

எங்கள் துறை அளவில் இப்போதைக்கு முடிவானது சிறிய ஒன்று. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு தாளில், ஒரே ஒரு விடையை, இருமுறை எழுத வைப்பது. அந்தத் தாளை நடத்துபவருக்கு அந்த மாதம் கோப்பு வேலை எதுவும் தராமல் மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது. கௌரவ விரிவுரையாளர்கள் மீது இதைச் சுமத்துவதில்லை. விரும்பினால் அவர்கள் வகுப்புத் தாள்களில் பாதியை நிரந்தரப் பணியில் இருப்போர் படித்துத் தருவது. மூன்று ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மீண்டும் எழுதப்பட்ட ஆறு விடைகளாவது கையில் இருக்கும்.

வரும் பருவத்துக்கான வினாவை எழுதி வைத்திருக்கிறேன். குடிமராமத்து பற்றியது. கால்வாயும் ஏரியும் வெட்டிச் சீர்செய்ய ஊரார் தாமே உழைப்புத் தந்த வழக்கத்தை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் எவ்வாறு அரசின் ஆணையாக மாற்றியது என்பது பாடத்தில் இருக்கிறது. 'உங்கள் ஊரில் ஒரு வாய்க்காலையோ குளத்தையோ தூர்வாருவதை முன்பு யார் செய்தார்கள், இப்போது யார் செய்கிறார்கள், யாருக்குக் கூலி, யாருக்கு முதல் தண்ணீர் என்பதை இரண்டு பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. அச்சட்டத்தோடு ஒப்பிடுக' என்பது வினா. நகரத்திலிருந்து வருபவர்கள் நகராட்சிக் குழாயைப் பற்றி எழுதலாம். இரண்டு பெரியவர்களில் ஒருவராவது வாய்க்காலில் இறங்கி மண் அள்ளியவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, மனைப்பட்டா பற்றி எழுதிய அந்த மாணவியின் தாளைப் படித்த பிறகு சேர்த்தேன்.